நலிந்த சாயப்பட்டறையில் தண்ணீரை மிச்சம் பிடிப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்தவராக இருக்கலாம், சுற்றுச்சூழல் பொறியியல் முடித்தவராக இருக்கலாம், மாமாவின் பட்டறை என்று நேராக வந்து உட்கார்ந்தவராகவும் இருக்கலாம். முதலாளி சொன்னது ஒன்றுதான்: "ஆர்டர் கம்மி, பேங்க் வட்டி கழுத்தைப் புடிக்குது, எப்படியாவது செலவைக் குறைங்க."

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் ஆள் கூலியில் கை வைக்கிறார்கள், அப்புறம் சாயத்தின் தரத்தில். ஆளைக் குறைத்தால் ஷேடு, அதாவது கேட்ட நிறம், தப்பும். தரத்தைக் குறைத்தால் லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணி மொத்தமும், திரும்பி வரும். நான் ஷிஃப்ட் சூப்பர்வைசராக ஆரம்பித்து, இப்போது சின்னப் பட்டறைகளுக்குத் தண்ணீர்க் கணக்கும் விறகுக் கணக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். காசு எங்கே போகிறது என்று கேட்டால் டிரெயின் வாய்க்காலைத்தான் காட்டுவேன்.

காரணம் இதுதான். சாயப்பட்டறையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று தடவை காசு கொடுக்கிறோம். உள்ளே கொண்டுவர ஒரு தடவை, சூடாக்க ஒரு தடவை, சுத்திகரிக்க ஒரு தடவை. மூன்றாவதுதான் மற்ற ஊர்களை விட இங்கே கனமான செலவு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாகவே மாறிப்போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழ்ப்பக்க விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. அன்றைக்கு வேலை இழந்து ஊருக்குப் பஸ் ஏறியவர்களைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் இல்லாமல் இங்கே தொழில் இல்லை. வெளியே போகும் தண்ணீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்ஓவில் விட்டு, அதில் மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து உப்பாக எடுக்கிறார்கள். இதில் எவாப்பரேட்டர்தான் காசைத் தின்கிற இடம்.

ஆக, உள்ளே எடுக்காத தண்ணீருக்கு மூன்று செலவும் இல்லை. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு பக்கெட், ஒரு வாட்ச்

புது மிஷின் வாங்குவதைப் பற்றி முதல் மாதம் வாயே திறக்காதீர்கள். நலிந்த பட்டறையில் புதிதாக வந்தவர் முதல் வாரமே கொட்டேஷன் நீட்டினால், இரண்டாவது வாரம் அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலில் பட்டறைக்குள் தண்ணீர் வரும் வழிகளை எழுதுங்கள். பைப் தண்ணீர், லாரித் தண்ணீர், பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் ஆர்ஓ தண்ணீர், போர் இருந்தால் போர். ஒவ்வொன்றுக்கும் மீட்டர் இருக்கிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்குள் பாசி பிடித்து, முள் நின்றுபோய் வருடக்கணக்கில் தொங்கும் மீட்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழிவுநீர் வெளியே போகும் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்தின் மீட்டர் கண்டிப்பாக இருக்கும். பில் அதை வைத்துத்தான் வருகிறது.

உள்ளே வரும் அளவு, வெளியே போகும் அளவு இரண்டையும் தினமும் காலை ஒரே நேரத்தில் எழுதுங்கள். பாய்லர் ஆவி, துணியோடு போகும் ஈரம், டிரையரில் உலர்வது என்று கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தாறுமாறாக வந்தால், ஒன்று மீட்டர் பொய் சொல்கிறது, இல்லையென்றால் தரைக்கு அடியில் எங்கேயோ ஒழுகுகிறது.

அப்புறம் அன்றைய உற்பத்தியைக் கிலோவில் எழுதி, தண்ணீரை அதால் வகுங்கள். "ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர்" என்ற அந்த எண்தான் இனி உங்களுக்கு நாடித் துடிப்பு. மொத்தத் தண்ணீர் குறைந்தது என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்துபோவீர்கள், அந்த வாரம் ஆர்டரே குறைந்திருக்கலாம்.

மீட்டர் இல்லாத இடத்துக்கு பக்கெட் போதும். தரை கழுவும் ஹோஸை 20 லிட்டர் பக்கெட்டில் பிடித்து வாட்சைப் பாருங்கள். 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். டீ குடிக்கப் போனவர் ஹோஸை மூடாமல் ஒரு மணி நேரம் விட்டால் 1,800 லிட்டர். இந்தக் கணக்கை அந்த ஹோஸ் பக்கத்துச் சுவரிலேயே சாக்பீஸில் எழுதிவிடுங்கள். போர்டு, ஸ்லோகன் எல்லாவற்றையும் விட இது வேலை செய்யும்.

இரண்டாவது படி: லீவு நாளில் பட்டறையைக் கேளுங்கள்

சனிக்கிழமை ராத்திரி கடைசி லாட் இறங்கியதும் எல்லா மீட்டரையும் எழுதி வையுங்கள். திங்கள் காலை வேலை தொடங்குவதற்கு முன் மறுபடி எழுதுங்கள். மிஷின் எதுவும் ஓடாத அந்த நேரத்தில் மீட்டர் நகர்ந்திருந்தால் அத்தனையும் ஒழுக்குதான்.

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உள்ளே தனியாக நடந்து பாருங்கள். சத்தமில்லாத பட்டறை உங்களுக்கு நிறையச் சொல்லும். டிரெயின் வால்வு சரியாக உட்காராமல் சொட்டுகிற சத்தம் கேட்கும். ஏர் லைனில் உஸ்ஸென்று காற்று போவது கேட்கும். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்த வேண்டிய பால் வால்வு வேலை செய்யாமல் வழிவது கேட்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை பிளம்பருக்கும் ஃபிட்டருக்கும் நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

சொட்டுதானே என்று விடாதீர்கள். ஒரு சின்ன டம்ளர், 250 மில்லி பிடிப்பது, ஐந்து நிமிடத்தில் நிரம்புகிற ஒழுக்கு ஒரு நாளைக்கு 72 லிட்டர். அதுவே மிஷினின் டிரெயின் வால்வு என்றால் ஒழுகுவது உப்பும் சாயமும் கலந்த சூடான தண்ணீர். ஷேடு ஏன் அடிக்கடி லேசாக விழுகிறது என்று லேபில் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். பதில் அந்த வால்வின் தேய்ந்த சீலில் இருக்கும்.

மூன்றாவது படி: ஒரு லாட்டின் பின்னாலேயே போங்கள்

இதற்கு ஒரு முழு ஷிஃப்ட் வேண்டும். ஒரு லாட்டைத் தேர்ந்தெடுத்து, கிரே துணி (இன்னும் பிளீச்சிங்கோ சாயமோ போடாத துணி) மிஷினில் ஏறுவதிலிருந்து ஈரத்துணியாக இறங்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஒவ்வொரு பாத்துக்கும் (மிஷினை ஒரு தடவை நிரப்பி ஓட்டுவது ஒரு பாத்) எவ்வளவு தண்ணீர் பிடித்தார்கள், எத்தனை டிகிரிக்கு ஏற்றினார்கள், எவ்வளவு நேரம் ஓடியது, எப்போது டிரெயின் செய்தார்கள் என்று எழுதுங்கள். லேபில் கொடுத்த புரோகிராம் ஷீட் ஒன்று சொல்லும், நடப்பது வேறாக இருக்கும். ஆபரேட்டரைக் குற்றம் பிடிக்க அல்ல இந்த வேலை. அவர் ஏன் ஒரு வாஷ் கூட விட்டார் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் நல்ல காரணமாகவே இருக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். துணியைக் கயிறு போலத் தண்ணீரில் சுற்ற விடும் சாஃப்ட் ஃப்ளோ மிஷின், 300 கிலோ காட்டன் துணி, ஒரு கிலோவுக்கு 8 லிட்டர் பாத். முதல் பாத்துக்கு 2,400 லிட்டர். டிரெயின் செய்த பிறகும் துணி தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதாவது சுமார் 900 லிட்டர். அதனால் அடுத்த ஒவ்வொரு பாத்துக்கும் 1,500 லிட்டர் விட்டால் போதும். பிளீச்சிங், நியூட்ரலைஸ், டையிங், வாஷ், சோப்பிங், ஃபிக்ஸிங், சாஃப்ட்னர் என்று பன்னிரண்டு பாத் போனால் மொத்தம் 18,900 லிட்டர். கிலோவுக்கு 63 லிட்டர்.

உங்கள் நோட்டில் 90, 100 என்று வந்தால்? அநேகமாக ஓவர்ஃப்ளோ வாஷ்தான் காரணம்.

நான்காவது படி: ஓவர்ஃப்ளோவை நிறுத்துங்கள்

சாயம் போட்டு முடிந்ததும் துணியிலிருக்கும் உப்பையும் ஒட்டாத சாயத்தையும் கழுவ வேண்டும். பழைய பழக்கம் என்னவென்றால், மேலே தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே வழிய விட்டு, தண்ணீர் தெளியும் வரை ஓட்டுவது. ரன்னிங் வாஷ் என்பார்கள். ஆபரேட்டருக்கு இது சௌகரியம். திறந்துவிட்டுப் போய்விடலாம், கண்ணுக்கும் சுத்தமாகத் தெரியும்.

இன்னொரு வழி, முழுக்க டிரெயின் செய்து, மறுபடி நிரப்பி, ஓட்டி, மறுபடி டிரெயின் செய்வது. மேலே சொன்ன அதே மிஷினில் கணக்குப் போடுங்கள். டிரெயின் செய்து மிஞ்சிய 900 லிட்டரோடு 1,500 லிட்டர் சேர்த்தால் உப்பு எட்டில் மூன்று பங்காகக் குறையும். மூன்று தடவை செய்தால் சுமார் 5 சதவீதம்தான் மிஞ்சும். செலவு 4,500 லிட்டர். அதே 5 சதவீதத்துக்கு ஓவர்ஃப்ளோவில் வர வேண்டுமென்றால் மிஷின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு, கிட்டத்தட்ட 7,000 லிட்டர் ஓட வேண்டும். உள்ளே வரும் நல்ல தண்ணீர் பழைய தண்ணீரோடு கலந்து கலந்தே வெளியே போய்விடுகிறது அல்லவா, அதனால்தான்.

ஒரு வாஷிலேயே 2,500 லிட்டர் மிச்சம். பத்துப் பைசா முதலீடு இல்லை. டிரெயினும் ஃபில்லும் மெதுவாக நடக்கிற பழைய மிஷினில் நேரம் கொஞ்சம் கூடும், அதை மறைக்காமல் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து பெராக்சைடு. பிளீச்சிங் முடிந்து துணியில் மிஞ்சும் பெராக்சைடைப் போக்க இரண்டு மூன்று ஹாட் வாஷ் விடுவார்கள். கேட்டலேஸ் என்ஸைம், இங்கே பெராக்சைடு கில்லர் என்று சொல்வது, அந்த வேலையை ஒரே பாத்தில் முடிக்கும். அதே பாத்திலேயே, டிரெயின் செய்யாமல், டையிங் தொடங்கலாம். போகும் முன் டெஸ்ட் ஸ்டிரிப் வைத்துப் பெராக்சைடு இல்லை என்பதைப் பார்த்துவிடுங்கள், மிஞ்சியிருந்தால் சாயத்தை அரித்துவிடும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டறையில், கறுப்பு ஷேடுக்கு சோப்பிங் இரண்டு தடவை போவதைப் பார்த்தேன். ஒன்று போதும் என்று நானே முடிவு செய்து நிறுத்தினேன். கண்ணுக்குத் துணி நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து லாட் திரும்பி வந்தது. கறுப்புத் துணியோடு தைத்த வெள்ளை ரிப் காலர், ஒரே துவையலில் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தக் காலர்களை ஒவ்வொன்றாக மேஜை மேல் பிரித்து வைத்தார்கள், நான் நின்று பார்த்தேன். அன்றைக்கு மிச்சம் பிடித்த தண்ணீரைப் போல எத்தனையோ மடங்கு அந்த லாட்டை மறுபடி ஓட்டியதில் போனது. அன்றிலிருந்து ஒரு வாஷைக் குறைப்பதற்கு முன் லேபில் வாஷ் ஃபாஸ்ட்னெஸ், ரப்பிங் ஃபாஸ்ட்னெஸ் (துவைத்தாலும் தேய்த்தாலும் சாயம் விடாமல் நிற்கிறதா என்ற சோதனை) இரண்டும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. வெளிர் ஷேடுக்குச் சரியானது கறுப்புக்கும் நேவிக்கும் சரிவராது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒரு மிஷினில், மூன்று லாட். அப்புறம்தான் அடுத்தது.

ஐந்தாவது படி: சின்ன லாட்டைக் கவனியுங்கள்

இது நலிந்த பட்டறைக்கே உரிய நோய். ஆர்டர் குறைந்தால் லாட் சின்னதாகிறது. 300 கிலோ மிஷினில் 180 கிலோவை ஏற்றிவிட்டு, பழக்கத்தில் அதே 2,400 லிட்டர் கோடு வரை நிரப்புவார்கள். இப்போது கிலோவுக்கு 13 லிட்டருக்கு மேல் போகிறது. உப்பு லிட்டர் கணக்கில் போடுவதால் அதுவும் வீணாகக் கூடுகிறது. லிட்டருக்கு 60 கிராம் என்றால் 144 கிலோ உப்பு, 180 கிலோ துணிக்கு! அந்த உப்பு முழுவதும் கடைசியில் எவாப்பரேட்டருக்குத்தான் போய்ச் சேரும்.

செய்ய வேண்டியது இரண்டு. மிஷினின் பக்கக் கண்ணாடியில் லாட் எடைக்கு ஏற்ற அளவுக்கோடுகளைப் பெயின்டில் போடுங்கள், 180க்கு ஒன்று, 240க்கு ஒன்று, 300க்கு ஒன்று. பம்ப் காற்றிழுக்காமல், துணிக்கயிறு சிக்காமல் ஓட எவ்வளவு தண்ணீர் குறைந்தபட்சம் வேண்டும் என்பதை ஃபிட்டரும் ஆபரேட்டரும் சேர்ந்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும். இரண்டாவது, பிளானிங். ஒரே ஷேடு குடும்பத்து லாட்டுகளை அடுத்தடுத்து ஓட்டுங்கள், வெளிறியதிலிருந்து அடர்த்திக்கு. மிஷின் கழுவும் தண்ணீர் மிச்சம். மஞ்சள், அப்புறம் கறுப்பு, அப்புறம் மறுபடி வெள்ளை என்று ஓட்டுகிற பட்டறையில் நாளைக்கு இரண்டு தடவை மிஷின் கழுவியே தண்ணீர் தீரும்.

இதைவிடப் பெரிய விஷயம் ரீ-ப்ராசஸ். ஷேடு சரியில்லை என்று ஒரு லாட்டைப் பிரித்து மறுபடி சாயம் போட்டால் தண்ணீர், விறகு, உப்பு எல்லாம் இரட்டிப்பு. வருமானம் ஒற்றை. ஆகவே நூறு லாட்டில் எத்தனை முதல் தடவையிலேயே பாஸ் ஆனது என்று நோட்டில் ஒரு பத்தி சேருங்கள். லேபின் எடைத் தராசு சரிபார்த்து எவ்வளவு நாளாயிற்று, லேப் டிப்புக்கும் (லேபில் சின்னத் துணியில் போட்டுப் பார்க்கும் மாதிரிச் சாயம்) மிஷினுக்கும் ஒரே தண்ணீரா, தண்ணீரின் கடினத்தன்மையும் பிஎச்சும் தினமும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஆர்ஓ தண்ணீரில் லேப் டிப் எடுத்துவிட்டு மிஷினில் லாரித் தண்ணீர் விட்டால் ஷேடு எப்படி ஒத்துப்போகும்?

ஆறாவது படி: சூட்டை வெளியே விடாதீர்கள்

1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்ற 50,000 கிலோ கலோரி வேண்டும். சாதாரண விறகு, சாதாரண பாய்லர், லைனில் போகும் நஷ்டம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சுமார் 25 கிலோ விறகு. வாய்க்காலில் ஆவி பறக்கப் போகும் தண்ணீரைப் பார்க்கும்போது அதை விறகாகப் பாருங்கள்.

முதலில் கண்டன்சேட். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் நீராவி குளிர்ந்து வெளியேறும் தண்ணீர் சுத்தமானது, 90 டிகிரி பக்கம் இருக்கும். அதைப் பாய்லர் ஃபீட் தொட்டிக்குத் திருப்புங்கள். ஃபீட் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருள் ஒரு சதவீதம் குறையும் என்பது பாய்லர்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை விழுந்தால் சாயம் கண்டன்சேட்டில் கலக்கும், ஆகவே நிறத்தையும் பிஎச்சையும் தினம் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் கூலிங் தண்ணீர். பாத்தைக் குளிர வைக்க எக்ஸ்சேஞ்சரில் ஓடும் இந்தத் தண்ணீர் துணியைத் தொடுவதே இல்லை. வெதுவெதுப்பாக வெளியே வரும். இதைச் சாயத் தண்ணீரோடு சேர்த்து டிரெயினில் விடும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. நல்ல தண்ணீரைக் காசு கொடுத்துக் கழிவாக்கி, காசு கொடுத்துச் சுத்தம் செய்கிறோம். ஒரு தனிக் குழாய், ஒரு தொட்டி, அடுத்த ஹாட் வாஷுக்கு அது போதும். என் கணக்கில், குறைந்த செலவில் செய்யக்கூடியவற்றில் இதுதான் முதலிடம்.

விறகை மழையில் நனைய விடாதீர்கள். ஈர விறகில் உள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். தகரக் கொட்டகை ஒன்று போட்டு, முதலில் வந்தது முதலில் எரியும்படி அடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீம் டிராப்புகளை (நீராவியை விடாமல் கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடும் வால்வுகள்) மாதம் ஒருமுறை சரிபாருங்கள், வால்வு ஃபிளாஞ்சுகளில் இன்சுலேஷன் பிய்ந்திருந்தால் சுற்றுங்கள்.

கரண்டைப் பற்றிச் சுருக்கமாக. கம்ப்ரஸரை ராத்திரி எல்லா லைனும் மூடிய பிறகு ஓட விடுங்கள். அது லோடு ஆகும், அதாவது காற்றை அழுத்தும் நேரத்தை, லோடு அன்லோடு இரண்டும் சேர்ந்த நேரத்தால் வகுத்தால் எத்தனை சதவீதம் காற்று ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஃபேன், பம்ப் மோட்டாரில் டேம்பரையோ வால்வையோ பாதி மூடி வைத்து ஓட்டினால் அங்கே மோட்டார் வேகத்தைக் குறைக்கும் விஎஃப்டி போடலாம், வேகம் 80 சதவீதமானால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும். பவர் ஃபேக்டர் அபராதம் வருகிறதா என்று கரண்ட் பில்லைப் பாருங்கள், வந்தால் கெப்பாசிட்டர் பேனலைத் திறந்து பாருங்கள்.

ஏழாவது படி: ஆட்களோடு பேசுவது

இதை முதல் படியாகவே வைத்திருக்கலாம். ஆனால் கையில் எண் இல்லாமல் பேசப் போனால் அது உபதேசமாகிவிடும்.

ஒரு பட்டறையில் மிஷினுக்கு மிஷின் மீட்டர் போட்ட அன்று, முப்பது வருஷ அனுபவம் உள்ள ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் என்னிடம் வந்து நின்றார். "ஏனுங் தம்பி, இது தண்ணியப் புடிக்கவா, எங்களப் புடிக்கவா?" என்றார். நியாயமான கேள்வி. எத்தனையோ பட்டறையில் செலவுக் குறைப்பு என்று ஆரம்பித்து ஆள் குறைப்பில் முடிந்ததை அவர் பார்த்திருக்கிறார். "அண்ணே, யாரையும் நிறுத்த மாட்டோம்னு முதலாளி எல்லாரும் இருக்கும்போது சொல்லட்டும், அப்புறம் நான் மீட்டர்ல கை வெக்கறேன்" என்றேன். முதலாளி அப்படிச் சொன்ன பிறகுதான் வேலை நகர்ந்தது. கூலிங் தண்ணீரை எந்தச் சுவர் வழியாகக் கொண்டுபோனால் குழாய் நீளம் குறையும் என்று காட்டிக் கொடுத்தவரும் அதே அண்ணன்தான்.

ஆகவே அந்த வாக்குறுதியை முதலாளியிடம் முதலில் வாங்குங்கள். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் போட்டி வைக்காதீர்கள், போட்டி வந்தால் யாராவது ஒருவர் தேவையான வாஷையே விட்டுவிடுவார். லாட்டுக்கு எத்தனை லிட்டர், எத்தனை ரூபாய் என்று போர்டில் எழுதினால் போதும். மிச்சமான தொகையில் ஒரு பங்கை மாதக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள். வடமாநிலத் தம்பிகள் நிறைய இருந்தால் போர்டு ஹிந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும்.

எட்டாவது படி: காசு, மானியம், சுத்திகரிப்பு நிலையம்

முதல் மூன்று மாத மிச்சத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள். கூலிங் தண்ணீர்க் குழாய்க்கு அந்தக் காசு, அதில் வரும் மிச்சம் கண்டன்சேட் லைனுக்கு. இப்படி ஒன்றின் தோளில் ஒன்று ஏறினால் புதுக் கடன் வேண்டாம். ஏற்கெனவே வட்டியில் தள்ளாடும் பட்டறைக்குக் கடன் வாங்கி மிச்சம் பிடிக்கும் யோசனையைச் சொல்லாதீர்கள்.

மோட்டார், பாய்லர் போன்ற பெரிய வேலைக்குப் போகும்போது மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். சிறு, குறு நிறுவனங்களின் எரிசக்தித் தணிக்கைக் கட்டணத்திலும் கருவிச் செலவிலும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் 'பீஸ்' திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. மத்திய அரசின் ஜெட் (ZED) சான்றிதழ்த் திட்டத்தில் சான்றிதழ்க் கட்டணத்துக்கு மானியம் உண்டு. விதிகளும் சதவீதமும் அரசாணைக்கு அரசாணை மாறும், ஆகவே பொருளை வாங்கிவிட்டுப் போய்க் கேட்காமல், வாங்கும் முன் கேளுங்கள். காந்தத்தைக் குழாயில் மாட்டினால் தண்ணீர் செலவு பாதியாகும் என்று வருபவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தண்ணீரைக் குறைத்ததும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டாயம் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்தாலும் சாயமும் உப்பும் அதே அளவு இருந்தால் கழிவின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் பொருட்களின் அளவு, ஏறும். அவர்களுக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் அங்கே உயிரியல் தொட்டி கெடும், உங்கள் பெயரும் கெடும். டையிங் பாத்தையும் வாஷ் தண்ணீரையும் தனித்தனியாக வாங்க அவர்களிடம் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். உப்பு நிறைந்த பாத்தைத் தனியாக எடுத்து, அந்த உப்புநீரையே மறுபடி சாயம் போடப் பயன்படுத்தும் முறை திருப்பூரில் நடைமுறையில் இருக்கிறது.

மழை நாளில், ராத்திரியில், "கொஞ்சம் வெளியே விட்டுடலாம், யாருக்குத் தெரியும்" என்று யாராவது சொன்னால் அதில் உங்கள் கை படக் கூடாது. கீழே மாடு தண்ணீர் குடிக்கிறது.

ஒன்பதாவது படி: லைன் வீடுகள்

பட்டறையை ஒட்டி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கும் இதே தண்ணீர்தான் போகும். முதலாளிகள் பலர் முதலில் அங்கேதான் கட்டுப்பாடு போடுவார்கள், குழாயை ஒரு மணி நேரம் மட்டும் திறப்பார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர் வடிகால் திட்டங்களுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் கணக்கு. குடத்தில் பிடித்து வைத்துப் புழங்கும் குடும்பம் அதைத் தொடுவதே அபூர்வம். இத்தனை குடம் குளிக்க, இத்தனை குடம் துவைக்க என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரிந்த தண்ணீர்க் கணக்கு நம் நோட்டில்கூட இல்லை. குழாயை மணிக்கணக்கில் அடைத்தால் பயத்தில் எல்லாப் பாத்திரத்திலும் நிரப்பி, மறுநாள் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். செலவு கூடத்தான் செய்யும்.

வீணாவது பெரும்பாலும் தொட்டியிலும் குழாயிலும். மேல்நிலைத் தொட்டி வழிகிறதா என்று விடியற்காலை மோட்டார் ஓடும்போது பாருங்கள், பால் வால்வை மாற்றுங்கள். ஃபிளஷ் டேங்க் இருந்தால் அதில் ஒரு சிட்டிகை சாயம் போட்டு, இருபது நிமிடம் யாரையும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். நம்மிடம் சாயத்துக்கா பஞ்சம்? கீழே பேசினில் நிறம் இறங்கினால் உள்ளே வாஷர் போய்விட்டது. சில ரூபாய் ரப்பர்தான், பிளம்பர் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

வீடு வாரியாக ஒரு சின்ன மீட்டர் போட முடிந்தால் போடுங்கள், ஆனால் அதை வைத்து வாடகையைக் கூட்டாதீர்கள். திடீரென்று ஒரு வீட்டில் எண் ஏறினால் கதவைத் தட்டி, "அக்கா, குழாய் எதுனா ஒழுகுதுங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிச் சொல்லிப் பார்த்து யாரும் சரிசெய்யாத ஒரு குழாயைத்தான் அவர் காட்டுவார். அன்று சாயங்காலத்துக்குள் அதை மாற்றிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஒழுக்கை அவரே வந்து சொல்வார்.